வலிக்காத பல்லுக்குக் காவல்

இம்பிளான்ட் பல்லுக்குச் சொத்தை வராது. பல் டாக்டர் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார்; சொல்வதும் உண்மை. வீடு வந்து சேர்வதற்குள் அது "இனிமே இந்தப் பல்லுக்கு ஒண்ணும் ஆகாது" என்று மாறிவிடுகிறது. ஒரு பல்லுக்கே பல்லாயிரம் எண்ணி வைத்த பெரியவர் அப்படி நம்புவதில் வியப்பில்லை. ஆனால் சொத்தை வராதது எலும்புக்குள் இருக்கும் ஸ்க்ரூவுக்கும் அதன்மேல் மாட்டிய கேப்புக்கும் மட்டும்தான். சுற்றியிருக்கும் ஈறும் தாங்கி நிற்கும் தாடை எலும்பும் அவருடைய சொந்த உடம்பு. அவருக்கு என்ன வயதோ, அவற்றுக்கும் அதே வயது.

இந்த அத்தியாயம் பெரியவருக்கு எழுதியதல்ல. அவரைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு, மகனுக்கு, மருமகளுக்கு, வீட்டோடு தங்கிக் கவனிக்கும் பெண்ணுக்கு.

ஏன் வலிப்பதில்லை

இயற்கைப் பல் எலும்பில் நேராக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு கனத்தில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கடிக்கும் அழுத்தத்தை வாங்கிக்கொள்வது, சோற்றில் கல் அகப்பட்டால் சட்டென்று வாயைத் திறக்க வைப்பது, சீழ் பிடித்தால் வலியாகச் சேதி அனுப்புவது எல்லாம் அந்தப் படலத்தின் வேலை.

இம்பிளான்டுக்கு அது கிடையாது. ஸ்வீடனைச் சேர்ந்த பிரானமார்க் 1952-ல் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தார். எலும்பு அதை விடவில்லை. அந்தப் பிடிப்பை வைத்துத்தான் 1965-ல் முதல் நோயாளிக்குப் பல் கட்டினார்கள். அவர் 2006-ல் இறக்கும்வரை அந்த ஸ்க்ரூக்கள் உழைத்தன. எலும்போடு நேராக ஒட்டுவதே இம்பிளான்டின் பலம். வலி சொல்லும் படலம் இல்லாமல் போவதும் அதனால்தான்.

ஈறின் பிடியும் வேறு. இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் ஊன்றிப் பிடித்திருக்கும். இம்பிளான்டைச் சுற்றி அவை அணைத்து நிற்குமே தவிர ஊன்றியிருக்காது. அதனால் கேப்பின் விளிம்பில் படியும் ஊத்தை கீழே இறங்க ஆரம்பித்தால் தடுப்பு குறைவு. முதலில் ஈறு மட்டும் சிவந்து வீங்கும். சுத்தம் செய்தால் இது ஆறிவிடும். விட்டால் எலும்பு கரையும். கரைந்த எலும்பைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு, பல நேரம் முடியாது. பரிசோதனைக்காகத் துலக்காமல் விட்டவர்களுக்கு 3 வாரத்தில் ஈறு வீங்கியிருக்கிறது. மறுபடி துலக்க ஆரம்பித்த பின் வீக்கம் முழுதாக அடங்க அதைவிடக் கூடுதல் நாள் பிடித்தது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இயற்கைப் பல் நோய் முற்ற முற்றக் கொஞ்சம் கொஞ்சமாக ஆடும், ஆட்டமே எச்சரிக்கை. இம்பிளான்டின் மேல்பாதியில் எலும்பு கரைந்தாலும் அடிப்பாதி இறுகப் பிடித்திருக்கும். கடைசிவரை கல் மாதிரி நிற்கும். "ஆடல, வலிக்கல, நல்லாத்தான் இருக்கு" என்று பெரியவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான். அதனால் வேறொருவர் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை பார்ப்பது

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு எண்ணெய்க் குளியலுக்கு முன் என்று வைத்தால் மறக்காது. பகல் வெளிச்சம் விழும் இடத்தில், முதுகு சாய்கிற நாற்காலியில் உட்கார வையுங்கள். பின்தலைக்கு ஒரு தலையணை. செல்போன் டார்ச் போதும்.

முதல் தடவை எதிர்ப்பு இருக்கும். "என்னடி இது, தானம் குடுத்த மாடா நான், பல்லைப் புடிச்சுப் பாக்குற?" என்று அம்மா கேட்கலாம். "அவ்வளவு காசு குடுத்துக் கட்டுன பல்லும்மா, வீணாப் போகலாமா? ஆ காட்டு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். மாமனார், மாமியார் என்றால் கூச்சம் இரண்டு பக்கமும் இருக்கும். அங்கே மகன் பார்ப்பது நல்லது. இதையும் மருமகள் தலையில் கட்டுவது நம் வீடுகளின் பழக்கம், நியாயமல்ல.

கையைக் கழுவிக்கொண்டு, ஆள்காட்டி விரலைக் கன்னத்தின் உள்பக்கமாக விட்டு மெல்ல ஒதுக்குங்கள். கீழ்க் கடைவாய் இம்பிளான்டில் எல்லோரும் தவறவிடும் இடம் நாக்குப் பக்கம். நாக்கு தள்ளிக்கொண்டே இருப்பதால் பிரஷ் அங்கே சரியாகப் போகாது. "நாக்கை அந்தப் பக்கம் தள்ளிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். நல்ல ஈறு வெளிர் இளஞ்சிவப்பாக, விளிம்பு மெலிந்து, கேப்பை ஒட்டிக் கிடக்கும். சிலருக்கு ஈறு இயல்பிலேயே கருப்பாக இருக்கும், அது நோயல்ல. பார்க்க வேண்டியது மாற்றத்தை: போன மாதம் இல்லாத சிவப்பு, மினுமினுப்பான வீக்கம், கேப்புக்குக் கீழே புதிதாகத் தெரியும் சாம்பல் நிறக் கோடு.

பிறகு விரலின் தசைப்பகுதியை ஈறில் வைத்து, அடியிலிருந்து கேப்பை நோக்கி மெல்ல அழுத்தித் தள்ளுங்கள். விளிம்பில் மஞ்சளாகவோ வெளுப்பாகவோ ஒரு சொட்டு எட்டிப் பார்த்தால் அது சீழ். அந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டும். ஒன்றும் வராவிட்டால் அதே இடத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதப் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது கண்ணுக்குப் பிடிபடாத மாற்றமும் தெரியும். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் ஆகும்.

துலக்கும்போது ரத்தம், வாயில் ஒரு கெட்ட ருசி, முன்பு சிக்காத இடத்தில் கீரையும் நாரும் சிக்குவது ஆகிய மூன்றையும் பெரியவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள், பதில் "இல்ல" என்றுதான் வரும். "துப்பும்போது செவப்பா வருதா?" என்று கேளுங்கள்.

துலக்குவது

காலையில் எழுந்ததும் துலக்கியே பழகிய தலைமுறை. அதை மாற்ற வேண்டாம், இரவு ஒன்றைச் சேர்த்தால் போதும். இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்றால் இரவுதான் முக்கியம். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும், ஊத்தைக்கு அதுதான் வசதியான நேரம்.

மிருதுவான பிரஷ். அதை ஈறும் கேப்பும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, அதே இடத்தில் சிறிது அசைத்துவிட்டு அடுத்த பல்லுக்கு நகர வேண்டும். அழுத்தித் தேய்ப்பது கூடாது. விரல் மடங்காத வாதக்காரர்களுக்குப் பிரஷின் கைப்பிடிதான் பிரச்சினை. பழைய துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடலாம், சைக்கிள் ஹாண்டில் கவரை மாட்டலாம். பேட்டரி பிரஷ் வாங்கித் தர முடிந்தால் நல்லது. பிடி தடிமனாக இருக்கும், அசைக்கும் வேலையும் மிச்சம். வாஷ்பேசின் முன் நின்றுதான் துலக்க வேண்டும் என்றில்லை. தள்ளாடுகிறவர் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ஒரு கிண்ணம் வைத்துத் துப்பட்டும்.

பேஸ்ட் ஃப்ளூரைடு உள்ளதாக இருக்கட்டும். டியூபின் பின்னால் பொடி எழுத்தில் 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். இம்பிளான்டுக்கு அது தேவையில்லை, பக்கத்தில் இருக்கும் சொந்தப் பற்களுக்குத் தேவை. ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் வயதில் அந்த வேரில்தான் சொத்தை விழும். சொரசொரப்பான பற்பொடி, கரித்தூள், சாம்பல், உப்பு இவற்றை நிறுத்திவிடுங்கள். கேப்பின் மினுமினுப்பு போய்க் கீறல் விழுந்தால் ஊத்தை இன்னும் எளிதாக ஒட்டும். வேப்பங்குச்சியை விட மாட்டேன் என்கிற தாத்தாவோடு சண்டை வேண்டாம். காலையில் மென்று துப்பட்டும், இம்பிளான்ட் இருக்கும் பக்கத்தில் குத்தாமல் பார்த்துக்கொண்டு, இரவில் பிரஷைக் கையில் கொடுங்கள்.

பிரஷ் தொடாத இடம் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில். அதற்கு மருந்துக்கடையில் சின்னப் பாட்டில் பிரஷ் போன்ற இடுக்கு பிரஷ் கிடைக்கிறது. கேட்டால் 'இன்டர்டென்டல் பிரஷ்' என்று கேளுங்கள். நடுக்கம்பி பிளாஸ்டிக் பூசியதாக இருக்க வேண்டும், வெறும் கம்பி டைட்டானியத்தைக் கீறும். அளவு நீங்களாக ஊகிக்க வேண்டாம். டாக்டர் எந்த இடுக்குக்கு எந்த நிறம் என்று போட்டுக் காட்டட்டும், பிரஷின் நிறம்தான் அளவு. லேசாக உரசிக்கொண்டு உள்ளே போனால் சரி. லொடலொடவென்று போனால் பயனில்லை, நெருக்கித் தள்ள வேண்டியிருந்தால் பெரிது.

ஃப்ளாஸ் நூல் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலும்பு இறங்கி ஸ்க்ரூவின் மரை வெளியே தெரியும் இடத்தில் நூல் பிரிந்து, அதன் இழைகள் மாட்டிக்கொள்ளும். அந்த இழையே புண்ணுக்குக் காரணமாகிவிடும். நூல் பிசிறிப்பிசிறி வந்தால் நிறுத்திவிட்டு இடுக்கு பிரஷுக்கு மாறுங்கள்.

ஊக்கு, குண்டூசி, கொண்டை ஊசி. இவற்றைப் பற்றி எழுதவே கூடாது என்று நினைத்தாலும் எழுத வேண்டியிருக்கிறது. சாப்பிட்டதும் தாலிக்கொடி ஊக்கைக் கழற்றிப் பல்லைக் குத்துவது பாட்டிமாரின் கைப்பழக்கம். ஊக்குக்குப் பதிலாக அதே இடத்தில் இடுக்கு பிரஷைத் தொங்கவிட்டுக் கொடுத்துப் பாருங்கள், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள்.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு பிடித்திருந்தால் செய்யட்டும். துலக்குவதற்கு அது ஈடாகாது. விழுங்கும்போது இருமுகிறவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் செய்யக் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வேறு விபரீதம். டாக்டர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்பளிப்பு மருந்தும் அவர் சொன்ன நாள் வரைதான், பெரும்பாலும் இரண்டு வாரம். நீட்டினால் பல்லில் பழுப்புக்கறை ஏறும், சாம்பாரின் ருசி தெரியாது. பேஸ்ட் போட்டுத் துலக்கிய உடனே அதைக் கொப்பளித்தால் மருந்து வேலை செய்யாது. அரை மணி நேரம் விடுங்கள்.

இம்பிளான்டின்மேல் கிளிப் போட்டு மாட்டும் பல்செட் என்றால் இரவு கழற்றி, கழுவி, தண்ணீரில் போட வேண்டும். வாய்க்குள் நிற்கும் குமிழ்களைச் சுற்றி மிருதுவான பிரஷால் துலக்க வேண்டும். செட்டுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேயும் பொருள், செட் லொடலொடத்தால் மாற்றிக்கொள்ளலாம். காந்தம் வைத்த செட் சிலருக்கு உண்டு, எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது அதைக் கழற்றி வைக்க மறக்கக் கூடாது. கழற்ற முடியாத முழுவரிசைப் பல்லுக்கு அடியில் போக, முனை விறைப்பான தனி நூலும் தண்ணீர் பீய்ச்சும் கருவியும் இருக்கின்றன.

மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

பல் டாக்டரிடம் போகும்போது பெரியவர் "பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். நீங்கள் டப்பாவையே எடுத்துப் போங்கள்.

அம்லோடிபின் நம் ஊரில் பிரஷருக்குப் பரவலாகத் தரும் மாத்திரை. சிலருக்கு அது ஈறைத் தடிக்க வைக்கும். ஈறு பல்லின்மேல் ஏறி வரும், இடுக்கில் ஊத்தை அடையும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாய்னும் அப்படித்தான். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து பார்ப்பார். நீங்களாக நிறுத்தக் கூடாது.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள் சாப்பிடுகிறவர் ஈறில் ரத்தம் கண்டால் "மாத்திரையால வருது" என்று விட்டுவிடுவார். நல்ல ஈறு துலக்குவதால் மட்டும் ரத்தம் விடாது. வீக்கம் இருந்தால்தான் விடும், மாத்திரை அதைக் கூட்டிக் காட்டும். பல் கிளீனிங்குக்கு இந்த மாத்திரைகளைத் தன்னிச்சையாக நிறுத்திவிட்டுப் போவது ஈறு நோயைவிட ஆபத்தானது.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட், ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியான டெனோசுமாப் இவற்றை அம்மாமார் மறந்தே போயிருப்பார்கள், தினமும் போடுவதில்லையே. பல் பிடுங்கினாலோ அறுவை செய்தாலோ தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் இவற்றால் உண்டு. அரிது, ஆனால் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். செயற்கை இதய வால்வு இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள்.

சர்க்கரையும் ஈறும் ஒன்றையொன்று கெடுக்கும். சர்க்கரை ஏறினால் ஈறுப் புண் ஆறாது. ஈறுப் புண் நீடித்தால் சர்க்கரை இறங்காது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூணு மாச சுகர் அரைப் புள்ளிக்குச் சற்றுக் குறைவாக இறங்கியதாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. இது சின்ன விஷயமல்ல. இன்சுலின் போடுகிறவருக்குப் பல் டாக்டரிடம் காலை நேரம் வாங்குங்கள்; டிபன் சாப்பிட்டு, மருந்து போட்டுவிட்டுப் போகட்டும். பசியோடு வரிசையில் உட்கார வைத்துச் சர்க்கரை இறங்கி மயங்கவிட வேண்டாம்.

சிறுநீர் மாத்திரை, அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை பலவும் வாயை உலர்த்தும். வாய் உலர்ந்தால் பெரியவர் செய்வது பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு தூங்குவது. ராத்திரி முழுதும் சர்க்கரை, எச்சிலும் இல்லை. சொந்தப் பல்லின் வேர் ஒரே வருடத்தில் பழுதாகும். படுக்கையருகே ஒரு சொம்புத் தண்ணீர் வையுங்கள், கற்கண்டு டப்பாவை இடம் மாற்றுங்கள்.

வெற்றிலைக்கு நான் முழுத் தடை சொல்பவன் அல்ல, வெற்றிலையோடு போகும் பாக்குக்கும் புகையிலைக்கும் சொல்பவன். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வகைப்படுத்தியது. புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, வீக்கம், ரத்தம் என்ற அடையாளங்களையே மறைத்துவிடும். இம்பிளான்ட் உள்ளவருக்கு அடையாளங்களே கொஞ்சம், அவையும் போனால் பிறகு எக்ஸ்ரேதான் கதி.

அவரால் முடியாமல் போகும்போது

பக்கவாதத்தில் ஒரு பக்கம் சோர்ந்தவருக்கு அந்தப் பக்கக் கன்னத்தில் சோறு தங்குவது தெரியாது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் விரலில் ஈரத்துணி சுற்றி வழித்தெடுங்கள். அதைச் செய்யாமல் துலக்கினால் அந்தப் பருக்கைதான் தொண்டைக்குப் போகும்.

மறதி நோய் உள்ளவரிடம் "வாயைத் திறங்க" என்று நேரே நின்று பிரஷை நீட்டினால் அது தாக்குதலாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொள்வார், கையைத் தட்டிவிடுவார். கண்ணாடி முன் உட்கார வையுங்கள். அவர் கையில் ஒரு பிரஷ், உங்கள் கையில் ஒரு பிரஷ். நீங்கள் முதலில் துலக்குங்கள். பெரும்பாலும் அவர் கை தானாக எழும். எழாவிட்டால் பின்னால் அல்லது பக்கவாட்டில் நின்று, அவர் கையின்மேல் உங்கள் கையை வைத்துச் சேர்ந்து துலக்குங்கள். "மாமா, இன்னிக்கு இந்தப் பக்கம் மட்டும்" என்று பாதி வாயோடு நிறுத்திக்கொண்டாலும் தப்பில்லை, மீதி பிறகு. அந்தி நேரத்தில் சிலருக்குப் படபடப்பு கூடும். அவர் அமைதியாக இருக்கும் நேரம் காலை பத்து மணி என்றால் துலக்கும் நேரமும் அதுதான்.

படுக்கையில் இருப்பவரைச் சற்று நிமிர்த்தி, முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாடைக்குக் கீழே துண்டு போடுங்கள். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவுக்கும் குறைவு. நுரை புரையேறக் கூடாது. முடிந்ததும் ஈரத் துணியால் துடையுங்கள். வாயில் சேரும் கிருமி நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வருவது படுக்கை நோயாளிகளிடம் சாதாரணம். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் நடந்த ஓர் ஆய்வு, 1999-ல் வெளியானது, தினமும் வாயைச் சுத்தம் செய்தவர்களிடம் நிமோனியா குறைந்ததைக் காட்டியது. பல்லே இல்லாதவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது.

டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டியது

மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிளீனிங். சாதாரண இரும்பு முனையால் ஸ்க்ரூவைச் சுரண்டக் கூடாது, இம்பிளான்டுக்கென்று தனி முனைகள் உண்டு. "சார், இது இம்பிளான்ட், அதுக்குன்னு உள்ள டிப் போடுறீங்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேப் மாட்டிய அன்றே ஒரு எக்ஸ்ரே எடுத்து வைத்திருக்க வேண்டும், பின்னால் எடுப்பதை அதோடுதான் ஒப்பிட முடியும். முதல் வருடம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் எலும்பு இறங்குவது வழக்கம். அதற்குப் பிறகும் வருடாவருடம் இறங்கிக்கொண்டே போனால் ஈறு நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். தனியாரில் கட்டுப்படியாகாதவர்களுக்குச் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரி எதுவானாலும் ஈறு நோய்க்குத் தனித் துறை இருக்கும்.

பெரும்பாலான வீடுகளில் இல்லாத ஒரு காகிதம் இம்பிளான்ட் கார்டு. எந்தக் கம்பெனி, என்ன அளவு, எந்த பேட்ச், எந்தத் தேதி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி ஸ்க்ரூவின் தலை வேறு, கழற்றும் சாவியும் வேறு. கிளினிக் இடம் மாறலாம், டாக்டர் ஓய்வு பெறலாம், அம்மாவை நீங்கள் கோவையிலிருந்து பெங்களூருக்கு அழைத்துப் போகலாம். கார்டு இல்லாவிட்டால் புது டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். ஆதார் கார்டு இருக்கும் கவரிலேயே அதையும் போடுங்கள், போனில் ஒரு படமும் இருக்கட்டும்.

கேப் ஒருநாள் கழன்று கையோடு வந்துவிடலாம், முறுக்கு கடிக்கும்போதோ கரும்பு மெல்லும்போதோ. பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்க்ரூ பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். கழன்றதைக் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போடுங்கள். அந்தப் பக்கம் கடிக்காமல், ஆனால் துலக்குவதை நிறுத்தாமல், இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் போங்கள். வீட்டில் இருக்கும் ஃபெவிகுயிக் போட்டு ஒட்டிக்கொள்ளும் சாமர்த்தியசாலிகள் உண்டு. ஒட்டிய பிறகு டாக்டரால் கேப்பை உடைக்காமல் எடுக்க முடியாது. புதுக் கேப்புக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும். கேப் அப்படியே இருந்து, கேப்போடு சேர்ந்து உள்ளிருக்கும் ஸ்க்ரூவே ஆடுவதுபோல் தெரிந்தால் இரண்டு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்; அன்றைக்கே போன் போடுங்கள்.